மதிப்பீட்டுக்குப் போன நாள்

வங்கி கொடுத்த படிவத்தில் பதினாறு கட்டங்கள்.
நிலம், கட்டடம், எந்திரம், பழைய இரும்பு.
கடைசிக் கட்டம் 'குறிப்புரை'.
வழக்கமாக அதில் ஒரு கோடு இழுத்துவிடுவேன்.

சூலூர் தாண்டி, தேவநாயகி மில் ஸ்டாப்.
மில் நின்று இருபத்தாறு வருஷம்.
கண்டக்டர் இன்னும் அந்தப் பேரைத்தான் கூவுகிறார்.
இறங்கியது நான் ஒருத்தி.

கேட்டுக்கு எதிரே பேக்கரி.
டேப்பையும் ஃபைலையும் பெஞ்சில் வைத்ததும்
ஊர் பேச ஆரம்பித்தது.

"விக்கப் போறாங்களாங்க அம்மிணி?
வித்துத் தொலையட்டும், பாம்புக் காடு.
போன ஐப்பசில எங்க கன்னுக்குட்டி போச்சு"
என்றார் பால் கேன்காரர், வண்டியை அணைக்காமலே.

"மொதலாளி நல்ல மனுசன், பசங்கதான் சரியில்ல"
கிட்டுசாமி.
"நல்ல மனுசனா? எம்பட பி.எஃப். பணம் எங்கீங்க?"
லெட்சுமையன்.
இருவரும் ஒரே தேங்காய்ப் பன்னைப்
பிய்த்துக்கொண்டிருந்தார்கள்.
அவரவர் வசனம் அவரவருக்கு மனப்பாடம்,
அடுத்தவருடையதும்.

பூவாத்தாள் கோன் வைண்டிங்கில் பதினொரு வருஷம்.
"நின்னது நல்லதுக்குத்தான்.
ஷிப்ட் முடிஞ்சு மூக்கச் சிந்துனா பஞ்சு வரும்.
இவிங்க போனஸப் பத்திப் பேசுவாங்க,
இருமலப் பத்தி ஒருத்தரும் வாயத் தொறக்க மாட்டாங்க."

சங்கில் மட்டும் எல்லோரும் ஒத்துப்போனார்கள்:
சங்கு ஊதினால் பாப்பம்பட்டி வரை கேட்கும்.
பிறகு ஒருவர் ஆறரைச் சங்கு என்றார்,
இன்னொருவர் ஆறே முக்கால் என்றார்,
அதுவும் கெட்டது.

"கதவடைப்புக்கு முன்னால நாப்பத்தொரு நாள் ஸ்டிரைக்.
பதினேழு பேரு பின் கேட்டு வழியா வேலைக்குப் போனானுக.
அவனுகளாலதான் அத்தனையும் போச்சு."
லெட்சுமையன் விரல் மடக்கிப் பேர் சொன்னார்.
பத்து விரலும் தீர்ந்து
மறுபடி கட்டை விரலுக்கு வந்தபோது சொன்னார்:
"கார்டிங் சென்னியப்பன்."

டீ கிளாஸை நான் கீழே வைக்கவில்லை.
வைத்தால் சத்தம் வரும்.

"சென்னியப்பனச் சேக்காதே.
அவன் மூணாம் நாளே வெளிய வந்துட்டான்."
"வரல."
"வந்தான்டா, எங்கூடத்தான் பந்தல்ல உக்காந்திருந்தான்."
"உக்காந்தது அவன் தம்பி."

அப்பாவுக்குத் தம்பி இல்லை.
அதைச் சொல்ல வாய் வரை வந்தது.

அப்பா எதையும் சொன்னதில்லை.
அந்த மாதம் எனக்கு ஃபீஸ் கட்டியதற்கு
ரசீது இருக்கிறது, அவ்வளவுதான்.
பிறகு திருப்பூர், பனியன் கம்பெனி, செக்கிங்.
இந்தப் பக்கம் கல்யாணம் காட்சிக்கு வந்தால்
ஒரு ஸ்டாப் முன்னாலேயே இறங்கி
வெயிலில் நடத்திக் கூட்டிப்போவார்.
செருப்பு சுடுது என்று நான் அழுவேன்.
அவர் போய் ஏழு வருஷம்.

உள்ளே சீமைக்கருவேலம் முட்டித் தகரம் தூக்கியிருந்தது.
கதிர் ஒன்றுகூட மிச்சமில்லை,
தரையில் அவை நின்ற எண்ணெய்க் கறை
வரிசை கலையாமல் இருந்தது.
டைம் ஆபீசில் நான்கு அலமாரி,
வருகைப் பதிவேடுகள் முதுகு தெரிய அடுக்கியபடி.
கறையான் எது வரை வந்திருக்கிறது என்று
திறந்து பார்த்திருக்கலாம்.
இரும்பு அலமாரி நான்கு என்று எழுதினேன்.
எடை, தோராயமாக.

பின் கேட் மூன்றடி அகலம்.
ஒரு ஆள் உள்ளே போகப் போதும்.
வெளியே வரவும்.

குறிப்புரையில் கோடு இழுக்கப் போன பேனா
அங்கேயே நின்றது, ஒரு புள்ளி ஊறியது.

பஸ்ஸுக்கு நின்றபோது பூவாத்தாள்
முக்காட்டைச் சரிசெய்துகொண்டு பக்கத்தில் வந்தாள்.
என் நெற்றியை, காதை, மறுபடி நெற்றியை.

"அம்மிணிக்கு எந்த ஊருங்க?"

"திருப்பூர்."

"அதுக்கு முன்னால?"